கம்பஸ் கிடைத்த பிறகு

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கை. ஒரே அறை கொண்ட வீடு. விடியப்புறம் மூன்று மணிக்கே அங்கே விளக்கு எரியும். ஆறு மணிக்கு முன் இடியப்பமும் சம்பலும் கடைகளுக்குப் போய்ச் சேரவேண்டும். அந்த அக்கா முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவர். 2009 இல் கணவரை இழந்து, நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர். முகாமிலிருந்து வெளியே வந்த பின்னர் பிள்ளையை ஊரில் தன் தாயாரிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்கு உழைக்க வந்தார்.

அந்தப் பிள்ளை கணிதப் பிரிவில் படித்துப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவானாள். அன்று அக்கா தான் இடியப்பம் கொடுக்கும் எல்லாக் கடைகளுக்கும் லட்டு கொடுத்தார். ஆனால் முதலாவது அரையாண்டுப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை மகள் உடுப்புப் பையோடு வந்து நின்றாள். "அம்மா, நான் இனிப் போகேல்லை. எனக்கு அந்தப் படிப்பு ஏலாது."

"மாவட்டத்திலை முன்னுக்கு வந்த பிள்ளை தங்கச்சி. ரியூசனுக்கும் குறை வைக்கேல்லை. நான் எங்கை பிழை விட்டனான்?" என்று அக்கா என்னிடம் கேட்டார். (இவர்களை எவரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கின்றேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பதையும் சொல்லப்போவதில்லை.)

அவரிடம் பிழை இல்லை என்று அன்றே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் இப்படி நடந்தது என்று விளங்கப்படுத்த எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. நான் சமூகவியல் படித்தவள், அதுவும் தமிழ்மொழி மூலம். தொகையீடு என்றால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். ஆகவே மாணவர்கள், விரிவுரையாளர்கள், வேலை செய்யும் பொறியியலாளர்கள் எனப் பலரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகின்றேன்.

உள்ளே போவது பற்றியே பேசினோம்

எமது சமூகம் பல்கலைக்கழக அனுமதி பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசி வருகின்றது. அதற்கு நியாயம் உண்டு. 1971 இல் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகளும் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் வேண்டியிருந்தன. அந்தத் தரப்படுத்தல் எத்தனை இளைஞர்களை எந்தப் பாதைக்குக் கொண்டுபோனது என்பது எங்கள் வீடுகளுக்குத் தெரியும். பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது, 2000 களின் தொடக்கத்தில் இசட் புள்ளி வந்தது. 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற கணக்கை எங்கள் அம்மாமார் பலர் மனப்பாடமாகவே சொல்வார்கள்.

ஆனால் உள்ளே போன பிள்ளைக்கு என்ன நடக்கின்றது என்று நாங்கள் கேட்பதில்லை. பின்தங்கிய மாவட்டம் என்று இடம் கொடுத்த அரசு, அந்தப் பின்தங்கல் வாசற்படியோடு தீர்ந்துவிடும் என நினைக்கின்றது போலும். நாங்களும் அப்படியே நினைக்கின்றோம். "கம்பஸ் கிடைச்சிட்டுது, இனிப் பயமில்லை" என்கின்றோம்.

மகளோடு மூன்று நாட்கள் பொறுமையாகக் கதைத்தேன். முதலில் அவள் சொன்னது ஒரு சொல்லைப் பற்றி. இயக்கவியல் விரிவுரையில் சேர் திரும்பத் திரும்ப "மொமென்ட்" என்றாராம். மொமென்ட் என்றால் கணப்பொழுது என்றுதான் இவளுக்குத் தெரியும். இந்தக் கணக்கில் நேரம் எங்கே வருகின்றது என்று முழு விரிவுரையும் தேடியிருக்கின்றாள். அறைக்கு வந்து புத்தகத்தில் படத்தைப் பார்த்த பிறகுதான், உயர்தரத்தில் 'திருப்பம்' என்று நூற்றுக்கணக்கான கணக்குகள் செய்த அதே விடயம் எனத் தெரிந்தது. அதேபோல 'ஸ்ட்ரெஸ்' என்றால் தகைப்பு, 'ஸ்ட்ரெயின்' என்றால் விகாரம். கணக்குத் தெரியும், பெயர் தெரியாது. எழுந்து கேட்டிருக்கலாமே என்றேன். "நூறு பேருக்கு மேலை இருக்கிற மண்டபத்திலை பிழையான இங்கிலீசிலை எப்பிடி அக்கா கேக்கிறது?" என்றாள்.

எமது நாட்டில் பொறியியல் பீடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றன. தொடக்கத்தில் ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் பொது ஆங்கிலம் வேறு, பாடத்தின் ஆங்கிலம் வேறு. பஸ்ஸில் வழி கேட்கப் பழகிய பிள்ளையால் விரிவுரையை அதன் வேகத்தில் பின்தொடர முடிவதில்லை. மொனராகலைக் கிராமத்திலிருந்து வந்த சிங்களப் பிள்ளைக்கும் இதே கஷ்டம்தான் என்பதை இங்கு சொல்லியே ஆகவேண்டும். கொழும்பின் பெரிய பாடசாலைகளில் படித்த பிள்ளைகள் எந்த மொழியினராயினும் முன்னுக்கு நிற்கிறார்கள்.

இதில் பெற்றோர் பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. பொறியியலில் எல்லா மாணவரும் முதலில் பொதுவான பாடங்களையே படிக்கிறார்கள். சிவிலா, மின்னா, இயந்திரமா, கணினியா என்பது பின்னர்தான் பிரிக்கப்படும். மொறட்டுவையில் முதலாவது அரையாண்டுப் பெறுபேறும், பேராதனையில் முதலாம் வருடப் பெறுபேறும் இதைத் தீர்மானிப்பது நீண்டகால நடைமுறை. அதாவது பிள்ளை புதிய இடத்துக்கும் புதிய மொழிக்கும் இன்னும் பழகாத அந்தச் சில மாதங்களே அவளுடைய துறையைத் தீர்மானிக்கின்றன. அதனால் உதவி செய்வதென்றால் முதலாவது மாதத்திலேயே செய்யவேண்டும். இரண்டாம் வருடத்தில் வரும் உதவி பிந்திய உதவி.

ஒரு சத்தம்

மூன்றாவது நாள்தான் அவள் மற்றதைச் சொன்னாள். ஆய்வுகூடத்தில் இரும்புக் கோல் ஒன்றை இயந்திரத்தில் பூட்டி, இரண்டு பக்கமும் இழுத்து, எவ்வளவு விசையில் அறுகின்றது என்று பார்க்கும் பரிசோதனை. கோல் மெல்ல நீளும், நடுவில் ஒடுங்கும், பிறகு படாரென அறுந்துவிடும். அந்தச் சத்தத்தோடு இவள் நிலத்தில் குந்திவிட்டாள். சிலர் சிரித்தார்கள். எழுந்து வெளியே போனவள் அன்று திரும்பி வரவில்லை. அடுத்த ஆய்வுகூட வகுப்புக்கும் போகவில்லை. அந்தப் பாடத்தின் செய்முறைப் புள்ளி அப்படித்தான் போயிற்று.

"நாலு வயசிலை நடந்தது அவளுக்கு என்ன ஞாபகம் தங்கச்சி? நான் அதுகளைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை" என்றார் அக்கா. கதைக்காவிட்டாலும் உடம்பு மறப்பதில்லை என்பதை எங்களில் பலர் தீபாவளி வெடிச் சத்தத்தில் அறிந்திருக்கிறோம்.

அந்த விரிவுரையாளரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் "இப்போது பெரிய சத்தம் வரும், விரும்பியவர்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் இது நடந்திராது. அதற்குப் பணம் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். கற்பித்தலை மேம்படுத்துவது என்றவுடன் கணினியும் திரையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு இந்த ஒரு வசனம்தான் நினைவுக்கு வருகின்றது.

தனியே படித்த பிள்ளைகள்

அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970 களில் நடந்த ஒரு விடயத்தை எங்கள் அம்மாமார் அறியவேண்டும். அங்கே கறுப்பின மாணவர் பலர் முதலாம் வருடக் கணிதத்தில் தோல்வியடைந்தார்கள். காரணம் என்னவென்று ஆசிரியர்களைக் கேட்டபோது, ஊக்கம் இல்லை, அடிப்படை போதாது, வறுமை, குடும்பத்தின் ஆதரவு இல்லை என்றார்கள். எங்கள் பிள்ளைகளைப் பற்றியும் இப்படித்தானே சொல்கிறார்கள்! யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் இதை அப்படியே நம்பாமல், மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தன. பிள்ளைகளும் மணித்தியாலக் கணக்கில் படித்தார்கள். ஆனால் தனியே படித்தார்கள். அதே வகுப்பில் நன்றாகச் செய்த சீன மாணவர்களோ தனியே படித்த பிறகு கூடியிருந்து ஒருவர் கணக்கை மற்றவர் பார்த்துத் திருத்தினார்கள், சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள், எந்தக் கேள்வி வரும் என்பதையும் பகிர்ந்துகொண்டார்கள்.

ட்ரைஸ்மன் "பலவீனமானவர்களுக்கு மேலதிக வகுப்பு" என்று எதையும் வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக இருந்து செய்யவிட்டார். தோல்விகள் வெகுவாகக் குறைந்தன.

விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகிய பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014 இல் ஓர் அறிக்கை வெளியானது. விரிவுரையைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த வகுப்புகளில் 100 பேரில் ஏறத்தாழ 34 பேர் தோல்வி. வகுப்பிலேயே கணக்குச் செய்து, பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கப்படுத்திய வகுப்புகளில் 22 பேர். வித்தியாசம் சின்னதல்ல.

எமது நாட்டிலும் இது தெரியாத விடயமல்ல. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் வொஷிங்டன் உடன்படிக்கை எனப்படும் சர்வதேச ஏற்பாட்டில் முழு உறுப்புரிமை பெற்றது. அதன்படி விரிவுரையாளர் என்ன பேசினார் என்பதைவிட, மாணவர் என்ன செய்யக் கற்றுக்கொண்டார் என்பதைக் கொண்டே ஒரு பட்டம் மதிக்கப்படவேண்டும். புதிய விரிவுரையாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சியும் உண்டு. மாணவ ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆலோசகரின் கதவைத் தட்டுவது 'பைத்தியம்' என்று பெயர் வாங்கும் வேலை என எங்கள் பிள்ளைகள் நினைப்பதால் அந்தக் கதவுகள் பெரும்பாலும் தட்டப்படுவதில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஒரு தொடர்மாடி வீட்டுக்கு அந்த விடுமுறையில் மகளைக் கூட்டிப்போனேன். ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஐயா ஒருவரின் வீடு. சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டு மாணவர்கள் வருவார்கள், மூத்த வருட மாணவர் ஓரிருவரும் இருப்பார்கள். ஐயா விடை சொல்லமாட்டார். "முதல்லை தமிழிலை சொல்லும் பிள்ளை. பிறகு அதையே இங்கிலீசிலை சொல்லும். பிழைச்சாலும் சொல்லும்" என்பார். ஒவ்வொருவரிடமும் ஒரு கொப்பி இருந்தது. ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், பக்கத்தில் ஒரு படம். மகளின் கொப்பியில் முதலாவது சொல் 'மொமென்ட்'. தேநீர் கொடுத்த ஐயாவின் மனைவி கணக்கை விடப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்பதைத்தான் கூடுதலாகக் கவனித்தார். அதுவும் தேவைதான்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மகாபொல மாதாந்தம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், மாணவர் உதவுப்பணம் 4,000 இலிருந்து 6,500 ஆகவும் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் கூட்டப்பட்டன. லப்டொப், சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் இது போதாது. தவணைகளும் பிந்தும். முதல் சில மாதங்களுக்கு நகையை அடகு வைக்கும் அம்மாமார் அநேகர். கணவரின் மரணச் சான்றிதழ் இல்லாதவர்களும், காணாமற்போனவர்களின் குடும்பத்தினரும் வருமானப் படிவத்தை நிரப்பும்போது தடுமாறுகிறார்கள். படிவம் கையில் கிடைத்ததுமே கிராம அலுவலரிடம் போங்கள். கடைசி நாள்வரை வைத்திருக்க வேண்டாம்.

பகிடிவதையை மறைக்கவும் விடாதீர்கள். 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போன தமிழ் மாணவன் ஒருவர் பகிடிவதையினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இறந்தார். 1998 இல் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இருந்தும் "எல்லாரும் தாங்கினது தானே" என்று சொல்லும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்தக் கஷ்டமான படிப்பு, ரீச்சர் வேலை போதாதோ" என்று அக்காவின் உறவினர் ஒருவர் இடையில் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இலங்கையின் முதலாவது பெண் பொறியியலாளர் பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை சிவசேகரம் 1960 களின் தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே இருந்த பீடத்துக்குள் போனவர், ஒரு தமிழ்ப் பெண். அந்த உறவினருக்கு இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு தேநீரைக் குடித்தார்.

மகள் திரும்பிப் போனாள். போகுமுன் மூவருமாகப் பீடத்துக்குப் போய் மாணவ ஆலோசகரைச் சந்தித்தோம். ஆய்வுகூடத்தில் நடந்ததை அவளே சொன்னாள், பாதி ஆங்கிலம், பாதி அழுகை. அவர் நன்றாகவே கேட்டார். விட்டுப்போன செய்முறையை அடுத்த அணியோடு செய்யலாம் என ஒழுங்கு செய்துகொடுத்தார். இரண்டு பாடங்களைத் திரும்ப எழுதவேண்டும். ஆசைப்பட்ட சிவில் துறை கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது. இப்போது விடுதியில் ஐந்து பெண்பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். இரண்டு பேர் சிங்களப் பிள்ளைகள், ஒருவர் முஸ்லிம். பொதுமொழி பிழையான ஆங்கிலம்தான் என்று சிரித்தாள்.

முன்பெல்லாம் அக்கா இரவு தொலைபேசியில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்று மட்டுமே கேட்பார். போன கிழமை நான் அங்கே இருந்தபோது, மாவைக் குழைத்தபடி தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டார்:

"சாப்பிட்டியா? இண்டைக்கு ஆரோடை இருந்து படிச்சனி?"