திரும்பி உட்கார்ந்து முன்னால் போகிற எட்டுப் பேர்

2024 ஆகஸ்ட் 3 மதியம். பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் துடுப்புப் படகுப் போட்டி, எட்டுப் பேர் பிரிவின் இறுதிச் சுற்று. கான்சாபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்யா, எல்லாப் பிள்ளைகளும் போற பக்கம் பாக்காம திரும்பி உக்காந்திருக்கு?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய் எழுதியதுதான் இந்தக் குறிப்பு.

துடுப்புப் படகு கையால் ஓடுவதில்லை, காலால் ஓடுகிறது. உட்காரும் பலகைக்கு அடியில் சக்கரம் உண்டு. பாதம் மட்டும் படகோடு பிணைத்த ஷூவுக்குள் அசையாமல் இருக்கும். முழங்காலை மடக்கி நகர்ந்து போய், துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, காலை உதைத்து நீட்ட வேண்டும். அப்புறம் முதுகு, கடைசியாகத்தான் கை. இப்படி உதைத்து இழுப்பதற்குப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால்தான் முடியும். போகிற திசையைப் பார்ப்பவர் ஒன்பதாவது ஆள் ஒருவர்தான்: காக்ஸ். அவர் துடுப்பு போட மாட்டார். சுக்கானைப் பிடித்துக்கொண்டு தாளம் சொல்வார்.

"அப்ப நடவு மாதிரில்ல இருக்கு" என்றார் அம்மா. சரிதான். நாற்று நடுகிற பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டதை மிதிக்காமல் பின்னோக்கியே போவார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. நடவில் ஒருத்தி வேகமாக நட்டு முடித்தால் வரப்பில் காத்திருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. படகில் ஒருத்தி முந்தினால் எட்டுப் பேருக்கும் நஷ்டம்.

காரணம் எடை. எட்டுப் பேர் படகு ஏறக்குறைய 17 மீட்டர் நீளம், இரண்டடி அகலம். போட்டி விதிப்படி எடை 96 கிலோவுக்குக் குறையக் கூடாது. உள்ளே இருப்பவர்களின் எடை அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். அவர்கள் நகரும்போதெல்லாம் படகும் அடியில் முன்னும் பின்னும் அசைகிறது. அடுத்த இழுப்புக்காக நகர்ந்து போகையில் ஒருத்தி அவசரப்பட்டால் படகின் ஓட்டம் தடைபடும். ஒருத்தியின் துடுப்பு உயர்ந்தால் படகு சாயும். துடுப்பு தண்ணீரில் மாட்டிக்கொள்வதை 'நண்டு பிடிப்பது' என்பார்கள். அது நடந்தால் கைப்பிடியே ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பந்தய தூரம் 2000 மீட்டர். ஆறு நிமிடத்தில் இருநூறு தடவைக்கு மேல் எட்டுத் துடுப்பும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏற வேண்டும்.

அன்றைக்கு ருமேனியா ஜெயித்தது. கனடா இரண்டாவது, பிரிட்டன் மூன்றாவது. அம்மாவின் அடுத்த கேள்வி: "நம்மாளுக யாரும் இல்லையா?"

இல்லை. முதலில், பெண்களுக்கே இந்த வாய்ப்பு தாமதமாகத்தான் வந்தது. ஆண்கள் 1900 முதல் ஒலிம்பிக்கில் துடுப்பு போடுகிறார்கள். பெண்களை 1976 மாண்ட்ரியலில்தான் சேர்த்தார்கள், அதுவும் பாதித் தூரம், 1000 மீட்டர். ஒலிம்பிக்கில் முழுத் தூரம் 1988 சியோலில்தான் கிடைத்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் போட்டிகள் வந்தது டோக்கியோவில்.

இந்தியாவில் இன்னொரு தடையும் இருக்கிறது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இருவர் படகில் பிரதிமா புகானா, பிரமிளா பிரபா மின்ஸ் இருவரும் வெண்கலம் வாங்கினார்கள். 2023இல் ஹாங்சோவில் இந்தியா வாங்கிய ஐந்து படகோட்டப் பதக்கங்களும் ஆண்களுடையவை. 2024 வரை ஒலிம்பிக் படகோட்டத்துக்குப் போன இந்தியர் அத்தனை பேரும் ஆண்களே. அவர்களில் பலர் ராணுவத்தில் சேர்ந்த பிறகு துடுப்பைத் தொட்டவர்கள். புனேயில் ராணுவத்துக்கென்றே படகோட்டப் பயிற்சி மையம் இருக்கிறது. வேலை, சாப்பாடு, படகு, தண்ணீர் எல்லாம் ஒரே இடத்தில். ஓட்டக்காரி தனியாக ரோட்டில் ஓடிப் பழகலாம். எட்டுப் பேர் படகுக்கு எட்டுப் பெண்கள் ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். திறமையைவிட அந்தச் சேர்ந்திருத்தல்தான் நம் பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு வழி திறந்தே இருக்கிறது. 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பும் கொழும்பு ரோயிங் கிளப்பும் 1898 முதல் மோதுகின்றன, அடையாற்றிலும் கொழும்பு பேர வாவியிலும் மாறி மாறி. ஆண்களுக்கு தீபம் கோப்பை, பெண்களுக்கு அடையாறு கோப்பை.

எங்கள் பக்கம் பிளவக்கல் அணையில் தண்ணீர் உண்டு, படகுதான் இல்லை. அதுவரை இப்படிப் பாருங்கள்: அடுத்த போட்டியில் முகங்களை விட்டுவிட்டு, படகு தாண்டிப் போன தண்ணீரைக் கவனியுங்கள். ஒவ்வொரு துடுப்பும் ஒரு சுழியை விட்டுப் போகும். நடவு வரிசை மாதிரி அந்தச் சுழிகள் சீரான இடைவெளியில் விழுந்தால், அந்த எட்டுப் பேரும் வெகுகாலம் ஒன்றாக இருந்தவர்கள்.