வேலி மேல் அரசியல்

எந்தப் பக்கமும் சேராமல் நழுவுகிறவரை ஆங்கிலத்தில் 'வேலி மேல் உட்கார்ந்திருக்கிறார்' என்பார்கள். முள்வேலியையும் கிளுவை வேலியையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படி விளங்கும்? பள்ளிக்கூடத்து மரபுத்தொடர்ப் பட்டியல்கள் பொருளை மட்டும் தருகின்றன. அது எந்த ஊர் வேலி என்று சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

அது பழைய அமெரிக்கப் பண்ணை வேலி. மரத்தை நீளமாகப் பிளந்து, அந்தச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து வளைந்து போகும்படி அடுக்குவார்கள். குழி தோண்ட வேண்டாம், ஆணியும் வேண்டாம். மேல் சட்டத்தில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு நிலமும் தெரியும், நினைத்த பக்கம் குதிக்கலாம். காற்று அடிக்கும் திசை பார்த்துக் காத்திருந்த அரசியல்வாதிகளுக்கு 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் அந்த இடத்தைக் கொடுத்தார்கள்.

வேலி அங்கே தேர்தலிலும் நின்றது. 1860 மே மாதம் இல்லினாய் மாநிலம் டெக்காட்டூரில் குடியரசுக் கட்சி மாநாடு. ஆபிரகாம் லிங்கன் இளமையில் பிளந்தவை என்று சொல்லி, இரண்டு வேலி மரங்களை அவருடைய உறவினர் ஜான் ஹாங்க்ஸ் சபைக்குத் தூக்கி வந்தார். 'வேலி மரம் பிளந்தவர்' என்ற பட்டம் லிங்கனோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஆண்டே அவர் அதிபர் தேர்தலில் வென்றார்.

'வேலியை அவசரப்பட்டுத் தாண்டாதே' என்ற எச்சரிக்கை பிரிட்டனில் குதிரையேறி வேட்டைக்குப் போனவர்களுடையது. அதில் வேலி வெறும் தடை, அவ்வளவுதான்.

நான் மதிக்கும் தொடர் 'வேலியைச் செப்பனிடுவது'. முறிந்த உறவைச் சரிசெய்வது என்று இன்று பொருள். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல பகுதிகளில் மாடும் பன்றியும் அவிழ்த்துவிட்டபடி மேயும். பயிர் வைத்தவர்தான் வேலி போட்டுக் காக்க வேண்டும். வேலி சரிந்தால் அடுத்தவர் பன்றி சோளக்கொல்லைக்குள் புகும், அடுத்த நாள் சண்டைதான். அங்கே வேலியைப் பார்த்துக்கொள்வது அக்கம்பக்கத்தையும் பார்த்துக்கொள்வதுதான்.

இந்தத் தொடரை நாடெங்கும் கொண்டுபோனவர் ஜான் ஷெர்மன், அன்றைய நிதித்துறைச் செயலர். 1879-இல் ஒஹாயோவில் உள்ள தம் ஊரான மான்ஸ்ஃபீல்டுக்குப் போனார். என் வேலிகளைச் சரிபார்க்க வந்தேன் என்றார். நிருபர்கள் விடுவார்களா? அதிபர் வேட்பாளராக ஆதரவு திரட்டத்தான் வந்திருக்கிறார் என்று எழுதினார்கள். தாம் சொன்னது நிஜ வேலியைத்தான் என்று பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் ஷெர்மன் பதிவுசெய்தார். ஆனால் அதற்குள் அந்தச் சொல் அரசியல்வாதிகளின் வாய்க்குப் போய்விட்டது.

மறு ஆண்டு குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாட்டில், அதிபர் வேட்பாளராக ஷெர்மனின் பெயரை முன்மொழிந்து பேசினார் ஜேம்ஸ் கார்ஃபீல்டு. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் வாக்கெடுப்பு நீண்டுகொண்டே போனது. 36-ஆவது சுற்றில் மாநாடு கார்ஃபீல்டையே வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது.