முக்குளித்த கையோடு மலை ஏறலாமா?

பள்ளி விடுமுறை நெருங்கும்போதே புலனக் குழுக்களில் தீவுப் பயண விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். மூன்று நாள், இரண்டு இரவு. படகு, அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பவளப்பாறை பார்க்கும் பயணம் எல்லாம் ஒரே கட்டணத்தில். கரிபியன் தீவுகளின் கடற்கரை விடுதிகளில் 'எல்லாம் அடக்கம்' என்று விற்கப்படும் பேக்கேஜும் இதே வகைதான். அங்கே சில விடுதிகளில் ஸ்கூபா முக்குளிப்பும் அறைக் கட்டணத்திலேயே சேர்ந்துவிடும். நம் கிழக்குக்கரைத் தீவுகளில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் அதுவும் உண்டு.

இந்த 'எல்லாம்' என்ற பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று இருக்கிறது. நீருக்கடியில் போய் வந்த உடம்புக்குத் தேவையான ஓய்வு நேரம்தான் அது. பினாங்கிலிருந்து சொந்தக் காரில் போய்வரும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், நாம் வீடு திரும்பும் வழியில் ஒரு மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது.

சுற்றிலும் கடல், ஆனால் கலங்கல்

பினாங்கு தீவுதான் என்றாலும், பத்து பெரிங்கியில் இறங்கிப் பவளப்பாறை தேட முடியாது. ஆறுகள் கொண்டுவரும் சேற்றால் இங்கே கடல் கலங்கியே கிடக்கிறது. தெளிந்த நீர் வேண்டுமானால் வடக்கே லங்காவிப் பக்கம் போக வேண்டும். லங்காவிக்குத் தெற்கே, கெடா கடலில், பாயார், காச்சா, லெம்பு, செகந்தாங் ஆகிய நான்கு சிறு தீவுகள் சேர்ந்து புலாவ் பாயார் கடல் பூங்காவாக உள்ளன. கரையைச் சுற்றி இரண்டு கடல் மைல் தூரத்துக்கு மீன்பிடிக்கத் தடை. பாயார் கடற்கரையில் முழங்கால் அளவு நீரிலேயே கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் நீந்துவதைப் பார்க்கலாம். தங்கும் விடுதி கிடையாது. காலையில் போய் மாலையில் திரும்பிவிட வேண்டும்.

இரண்டு மூன்று நாள் தங்கி முக்குளிக்க விரும்புவோர் பெரும்பாலும் கிழக்குக்கரைக்குப் போகிறார்கள். பினாங்குக்காரர்களுக்குப் பிடித்த இடம் திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவுகள். கெரிக், ஜெலி வழியாகக் கோல பெசுட் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து விசைப்படகில் ஏற வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம் என்பதால் பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும்.

மூச்சை அடக்கக் கூடாது

முக்குளிப்பு என்றதும் நமக்கு முத்துக்குளிப்புதான் நினைவுக்கு வரும். மன்னார் வளைகுடாவில் நம் முன்னோர் கல்லின் பாரத்தோடு கயிற்றைப் பிடித்து இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி அள்ளினார்கள். ஸ்கூபாவில் முதல் பாடமே இதற்கு நேர்மாறானது. எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது.

காரணம் எளிதானது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும், கரையில் நாம் உணரும் காற்றழுத்தத்தின் அளவு இன்னொரு மடங்கு சேர்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் இருமடங்கு, 20 மீட்டரில் மும்மடங்கு. முத்துக்குளிப்பவர் மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறார். அந்தக் காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது. ஸ்கூபாவில் அப்படியல்ல. 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இருமடங்காக விரியப் பார்க்கும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம். ஆகவே சீராக மூச்சு விட்டபடி, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக ஏற வேண்டும். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருவதும் வழக்கம்.

சோடா பாட்டில் கணக்கு

சிலிண்டரில் இருப்பது தனி ஆக்ஸிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அதில் அடைக்கப்படுவது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில், அழுத்தம் கூடிய நிலையில், இந்த நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வழியாக வெளியேற வேண்டும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

சோடா பாட்டிலை மெதுவாகத் திறந்தால் வாயு அமைதியாக வெளியேறும். சட்டென்று திறந்தால் நுரைத்துப் பொங்கும். உடம்பும் அப்படித்தான். வெளியழுத்தம் சட்டென்று குறைந்தால், கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கிக்கொள்ளும்.

அழுத்தம் குறைவது கடலிலிருந்து மேலே வரும்போது மட்டும் நடப்பதில்லை. விமானத்தில் பறந்தாலும், மலை ஏறினாலும் காற்றழுத்தம் குறைகிறது. ஆகவே ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், ஒரே நாளில் பல முறையோ தொடர்ந்து சில நாட்களோ முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது உலகெங்கும் முக்குளிப்பாளர்கள் பின்பற்றும் விதி. சுமார் 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்தைக் கணக்கில் கொண்டு இது வகுக்கப்பட்டது.

திரும்பும் வழியில் மலை

இப்போது நம் பயணத்தைப் பார்ப்போம். ஜெலியிலிருந்து கெரிக் வரும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை, தித்திவங்சா மலைத்தொடரைச் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. காரில்தானே போகிறோம் என்று தோன்றும். ஆனால் இந்த உயரம் அந்த விதியின் எல்லைக்குள் வருகிறது.

ஞாயிறு காலை 10 மணிக்குக் கடைசி முக்குளிப்பை முடித்து, நண்பகல் படகில் கோல பெசுட் வந்து, சாப்பிட்டுவிட்டுப் புறப்படும் குடும்பம், மாலை 4 மணி வாக்கில் மலை உச்சியில் இருக்கும். இடைவெளி ஆறே மணி நேரம். தேவைப்படுவதோ 18 மணி நேரம்.

பாயாரில் முக்குளித்துவிட்டு லங்காவியிலிருந்து மாலை விமானத்தில் பினாங்கு திரும்புவதும் இதே தவறுதான். பறப்பது கொஞ்ச நேரமே என்றாலும் விதி மாறாது. படகில் வந்தால் கவலை இல்லை. ஆனால் வந்த அன்றே விருந்தினரை அழைத்துக்கொண்டு கொடிமலைக்கு ஏற வேண்டாம். அதன் உயரம் 833 மீட்டர். மலைமேல் இருக்கும் முருகனை மறுநாள் போய்த் தரிசிக்கலாம்.

இப்படித் திட்டமிடலாம்

வெள்ளிக்கிழமை மதியம் தீவை அடைந்தால் அன்று மாலை ஒரு முக்குளிப்பு. சனிக்கிழமை காலை இரண்டு. பகல் ஒரு மணிக்குள் முடித்துக்கொண்டால், ஞாயிறு மாலை மலையைக் கடக்கும்போது ஒரு நாளுக்கும் மேல் ஆகியிருக்கும். ஞாயிறு காலை சும்மா இருக்க வேண்டியதில்லை. உயிர்காப்பு அங்கி அணிந்து, நீர்மட்டத்தில் மிதந்தபடி மீன்களையும் ஆமைகளையும் பார்ப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய அதுவே நல்ல பொழுதுபோக்கு.

பதிவு செய்வதற்கு முன் வேறு சிலவற்றையும் கவனியுங்கள். பயிற்றுநருடன் முதன்முறை இறங்கிப் பார்க்கும் அறிமுக முக்குளிப்பு 12 மீட்டர் ஆழம் வரை மட்டுமே. பெரும்பாலும் 10 வயதிலிருந்து இதற்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். 18 மீட்டர் வரை போக அனுமதிக்கும் தொடக்கநிலைச் சான்றிதழுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். தரப்படும் உடல்நலப் படிவத்தை உண்மையாக நிரப்புங்கள். ஆஸ்துமா, இதய நோய், நீரிழிவு, காதில் கோளாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. சளி பிடித்திருந்தால் காதில் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது. கட்டிய பணம் போகிறதே என்று பார்க்காமல் கரையில் இருந்துவிடுங்கள்.

அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள்

முக்குளித்த பின் மூட்டு வலி, கை கால் மரத்துப்போதல், தோலில் அரிப்பு அல்லது திட்டு, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவை தோன்றினால் அலட்சியம் வேண்டாம். பயண அலுப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. பல மணி நேரம் கழித்தும் இந்த அறிகுறிகள் தலைகாட்டலாம். முக்குளிப்பு நிலையத்தில் இருக்கும் ஆக்ஸிஜனை உடனே கேட்டு வாங்குங்கள். 999 எண்ணை அழையுங்கள். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, எப்போது, எவ்வளவு ஆழத்தில் முக்குளித்தீர்கள் என்பதைத்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று காரை மலைமேல் ஓட்டினால் நிலைமை மோசமாகும். இதற்கான உயர் அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சை, பேராக் மாநிலம் லூமுட்டில் உள்ள ஆயுதப்படை மருத்துவமனையில் இருக்கிறது.

கடலுக்கடியில் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். அங்கே காணும் நிறங்களைக் கண்ணாடித் தொட்டிகளில் பார்க்க முடியாது. அடுத்த முறை பேக்கேஜ் விளம்பரம் வந்தால், விலையைக் கேட்பதோடு நிறுத்தாமல், கடைசி முக்குளிப்பு எந்த நாள், எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். அதிலிருந்து 18 மணி நேரத்தை எண்ணிவிட்டு, வீடு திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.