சந்தைப்படுத்தல் மின்னஞ்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தைப்படுத்தல் மின்னஞ்சல் என்பது ஒரு நிறுவனம் தன் பொருள் அல்லது சேவையைப் பற்றி ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் விளம்பர மடலாகும். 1978 மே 3 அன்று அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி தூர்க், அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குப் புதிய கணினிகள் பற்றி அனுப்பிய மடலே இவ்வகையில் முதலாவது எனக் கருதப்படுகிறது. பெற்றவர்கள் எவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. கண்டனம் உடனே எழுந்தது.

கேட்காதவருக்கு அனுப்புவதே இன்றும் மிகப் பெரிய தவறு. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலில் பயன்பாட்டில் இல்லாத முகவரிகள் நிறைய இருக்கும். அவற்றுக்கு அனுப்பியவை திரும்பி வரும். மற்றவர்களில் பலர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார்கள். மின்னஞ்சல் சேவைகள் இவற்றைக் கணக்கிட்டே அனுப்புநரின் டொமைனை மதிப்பிடுகின்றன. புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது ஜிமெயிலின் விதி. அதாவது ஆயிரம் மடல்களுக்கு மூன்று புகார்கள் வந்தாலே ஆபத்து. மதிப்பு குறைந்துவிட்டால், அதே டொமைனிலிருந்து செல்லும் ரசீதும் கடவுச்சொல் மாற்றும் மடலும்கூட ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். இணையத்தில் மட்டும் விற்கும் சிறு கடைக்கு இது வியாபாரத்தையே முடக்கக்கூடியது.

பட்டியலிலிருந்து விலகும் வழியை மங்கலான சிறு எழுத்தில் ஒளித்து வைப்பதும் இதே விளைவைத் தரும். வழி தெரியாதவர் கைக்கு எட்டிய ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டப்படி, விலகல் கோரிக்கையை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் விளம்பர மடல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று கூகுள் 2024இல் விதித்தது.

ஏமாற்றும் தலைப்பு மற்றொன்று. ‘உங்கள் கணக்கு முடக்கப்படும்’ எனப் பயமுறுத்தினால் ஒருமுறை திறப்பார்கள். அடுத்த முறை நம்பமாட்டார்கள்.

விளம்பரம் முழுவதையும் ஒரே படமாக அனுப்பினால், படங்களைத் தடுத்து வைத்திருப்பவருக்கு வெற்றுப் பெட்டிதான் தெரியும். 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை ஜிமெயில் இடையில் வெட்டிவிடுவதால், அடியிலுள்ள விலகல் இணைப்பும் மறைந்துபோகும். பெயர் வரவேண்டிய இடத்தில் நிரல் குறியீடு அப்படியே நிற்பதும் உண்டு. தனக்கே ஒரு மடல் அனுப்பிப் பார்த்தால் இவை தெரிந்துவிடும்.

திறப்பு விகிதத்தை மட்டும் நம்புவதும் தவறு. 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, மடலின் படங்களைத் தானே முன்கூட்டி இறக்குவதால், படிக்காத மடலும் திறந்ததாகப் பதிவாகிறது. எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற எண்ணிக்கைகள் அதைவிட நம்பத்தக்கவை.