உளக்காயமும் வேலையின் அமைப்பும்

ஆலை இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களைத் தடுப்பிட்டு மறைக்க வேண்டும் என்று பிரிட்டனின் தொழிற்சாலைச் சட்டம் 1844ஆம் ஆண்டிலேயே விதித்துவிட்டது; ஆனால் தாங்க முடியாத பணிச்சுமையாலும் மேலதிகாரியின் தொடர்ந்த அவமதிப்பாலும் ஒருவருடைய உறக்கமும் தன்னம்பிக்கையும் குலைந்துபோனால், அது அவருடைய சொந்தப் பலவீனமாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. வேலையின் காரணமாக மனநலத்துக்கு நேரும் இத்தகைய கேட்டை ஆஸ்திரேலியாவின் தொழிலாளர் இழப்பீட்டு நடைமுறை ‘உளக்காயம்’ என்று குறிப்பிடுகிறது. இந்தப் பெயரில் ஒரு நியாயம் இருக்கிறது: காயம் என்றால் அதை உண்டாக்கிய ஒன்று வெளியே இருக்க வேண்டும், அதைத் தேடிக் கண்டறியவும் அகற்றவும் முடிய வேண்டும்.

அந்த வெளிக்காரணத்தை நோக்கி ஆய்வுலகைத் திருப்பியவற்றுள் முதன்மையானது, லண்டனின் அரசு அலுவலகங்கள் நிறைந்த வைட்ஹால் பகுதியின் பெயரால் அறியப்படும் ஆய்வு. 1967இல் தொடங்கிய அதன் முதல் கட்டத்தில் ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்கள் பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். பெரிய பொறுப்புகளைச் சுமப்பவர்களுக்கே மாரடைப்பு மிகுதி என்ற பொதுவான நம்பிக்கைக்கு நேர்மாறாக, கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு உயர் அதிகாரிகளுக்கு இருந்ததைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி விளக்கப்படாமலே நின்றது. நச்சுப்புகையோ சுழலும் சக்கரமோ இல்லாத, நிலையான சம்பளம் தரும் அலுவலகங்களில் கிடைத்த முடிவு இது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் தொடங்கி, ஆண்களும் பெண்களுமாக 10,308 பேரைத் தொடர்ந்த இரண்டாம் கட்டம் விடையின் ஒரு பகுதியைத் தந்தது: தம் வேலையை எப்படி, எந்த வரிசையில், எந்த வேகத்தில் செய்வது என்று முடிவெடுக்கும் இடம் குறைவாக இருந்தவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது.

இதற்கான கருத்து அடித்தளத்தை 1979இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் அமைத்திருந்தார். பணிச்சுமை மட்டுமே ஒருவரை நோகச் செய்வதில்லை, கடும் சுமையோடு அதன் மீது பிடியே இல்லாத நிலையும் சேரும்போதுதான் கேடு மிகுகிறது என்பது அவருடைய கருத்து. இதன்படி, தொடர் உற்பத்தி வரிசையின் ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து நிற்கும் தொழிலாளி, அதே அளவு உழைத்தாலும் தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் பொறியாளரைவிட மிகுந்த இடரில் இருக்கிறார். ஜெர்மனியில் பணியாற்றிய யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல் இன்னொன்றைச் சேர்த்தார்: கொட்டும் உழைப்புக்கு ஈடாகச் சம்பளமும் மதிப்பும் வேலை உறுதியும் திரும்பி வராதபோது, அந்த ஏற்றத்தாழ்வே உடலையும் மனத்தையும் அரிக்கிறது.

இக்கருத்துகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் மாதிரிப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் 2022இல் திருத்தப்பட்டு, உளசமூக இடர்கள், அதாவது வேலையின் அமைப்பிலும் மனித உறவுகளிலும் இருந்து மனத்துக்கு வரக்கூடிய ஆபத்துகள், வேதிப்பொருளையும் உயரமான சாரத்தையும் போலவே முறையாகக் கையாளப்பட வேண்டியவை ஆயின. உடன் வெளியான நடைமுறைத் தொகுப்பில் மிகுதியான பணிச்சுமை, பணியின் மீது பிடியின்மை, போதிய மதிப்பின்மை, தெளிவற்ற பொறுப்புகள், மிரட்டல், பாலியல் சீண்டல் ஆகியவை பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. கராசெக்கும் சீக்ரிஸ்ட்டும் ஆராய்ந்தவை அதில் அப்படியே இருப்பதைக் காணலாம். இயன்றவரை இடரை நீக்க வேண்டும், நீக்க இயலாவிட்டால் குறைக்க வேண்டும் என்பதே வேலை தருபவரின் கடமை.

இருந்தும் பல நிறுவனங்கள் இன்னும் தியானச் செயலியையும் மனவலிமைப் பயிற்சியையும்தான் ஊழியரிடம் நீட்டுகின்றன. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃப்ளெமிங் 2024இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய திட்டங்களில் பங்கேற்றவர்களின் மனநலம் பங்கேற்காதவர்களுடையதைவிடப் பொதுவாக மேம்பட்டிருக்கவில்லை என்று காட்டியது. தன்னார்வத் தொண்டுக்கான வாய்ப்பு மட்டுமே ஓரளவு விலக்கு. இதில் வியப்பில்லை. அழைப்பு மையத்தில் ஒவ்வோர் அழைப்புக்கும் நொடிக்கணக்கில் கெடு வைத்துவிட்டு, வசவு வாங்கிய ஊழியர் மூச்சுவிடவும் இடைவெளி தராமல் அடுத்த அழைப்பை இணைத்துவிட்டு, மாலையில் மூச்சுப்பயிற்சி கற்பிப்பதால் கெடுவும் மாறாது, வசவும் குறையாது; இடைவெளியைக் கூட்டுவதும் வசைபாடுபவரின் அழைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தை ஊழியருக்கு அளிப்பதும்தான் இயந்திரத்துக்குத் தடுப்பு அமைப்பதற்கு நிகரானவை.

அத்தகைய மாற்றங்களுக்கு ஒரு நிறுவனம் மனம் வைத்திருக்கிறதா என்பதையும் அளக்க முடியும் என்பது தெற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மொரீன் டொலார்டின் பங்களிப்பு. ‘உளசமூகப் பாதுகாப்புச் சூழல்’ என்று அவரும் சக ஆய்வாளர்களும் பெயரிட்ட அளவீட்டில், மேலாளர்கள் ஊழியரின் மனநலத்தை உற்பத்திக்கு நிகராக மதிக்கிறார்களா, குறை சொல்லப்பட்டால் விரைந்து செயல்படுகிறார்களா, தீர்வு காண்பதில் ஊழியரையும் தொழிற்சங்கத்தையும் கலந்துகொள்கிறார்களா என்ற வகையில் பன்னிரண்டு கேள்விகள் ஊழியர்களிடம் கேட்கப்படுகின்றன. கிடைக்கும் மதிப்பெண் 12 முதல் 60 வரை அமையும். 41க்குக் கீழே இறங்க இறங்க, மனச்சோர்வுக்கும் பணி நெருக்கடிக்கும் ஊழியர் ஆளாகும் இடர் கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. காயம் நேர்ந்த பிறகு எண்ணிப் பார்க்கும் இழப்பீட்டுக் கணக்கைப் போலன்றி, இது காயத்துக்கு முன்பே எச்சரிக்கும் அளவுகோல். பதில் சொல்பவர் ஊழியர் என்றாலும் அந்தப் பன்னிரண்டில் ஒரு கேள்விகூட அவருடைய மனநிலையை விசாரிப்பதில்லை; அனைத்தும் நிர்வாகம் என்ன செய்கிறது என்பதையே கேட்கின்றன.