நகையின் இலக்கு மாறுதல்: ‘ஹெரால்ட் அண்ட் மோட்’ திரைப்படத்தில் முதிய தலைவியும் இளைய தலைவனும்

ஆய்வுச்சுருக்கம்

முதிய பெண்ணுக்கும் இளைய ஆணுக்கும் இடையே தோன்றும் காதல், நகைச்சுவைப் படைப்புகளில் நெடுங்காலமாக எள்ளலுக்கு உரிய பொருளாகவே கையாளப்பட்டு வந்துள்ளது. 1971இல் வெளியான ‘ஹெரால்ட் அண்ட் மோட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் 79 வயதுப் பெண்ணையும் ஏறத்தாழ 20 வயது இளைஞனையும் காதலர்களாக முன்வைக்கிறது. இப்படத்தில் நகைப்புக்கு உள்ளாவோர் காதலர்கள் அல்லர், அக்காதலை மறுப்போரே. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், படத்தின் முடிவு இம்மாற்றத்தை எந்த அளவுக்குக் காப்பாற்றுகிறது என்பதையும் தொல்காப்பியம் கூறும் நகைக் கோட்பாட்டின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காதல் நகைச்சுவை, வயது வேறுபாடு, நகை, மெய்ப்பாடு, பெருந்திணை, ஹால் ஆஷ்பி.

முன்னுரை

காதலர் இருவரின் வயது இடைவெளி எப்போதும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவதில்லை. ஆண் மூத்தவனாயின் அஃது இயல்பு எனவும், பெண் மூத்தவளாயின் அஃது இயல்புக்கு மாறானது எனவும் கொள்ளப்படுகிறது. ஹாலிவுட் படங்கள் இதற்குத் தெளிவான சான்று தருகின்றன. ‘ஃபன்னி ஃபேஸ்’ (1957) படத்தின் நாயகன் ஃபிரெட் அஸ்டேர் 1899இலும், நாயகி ஆட்ரி ஹெப்பர்ன் 1929இலும் பிறந்தவர்கள். இந்த 30 ஆண்டு இடைவெளி கதையில் தடையாக நிற்கவில்லை. ‘தி கிராஜுவேட்’ (1967) படத்தில் திருமதி ராபின்சனாக நடித்த ஆன் பான்கிராஃப்ட் 1931இலும், இளைஞன் பெஞ்சமினாக நடித்த டஸ்டின் ஹாஃப்மன் 1937இலும் பிறந்தவர்கள். நடிகர்களுக்கு இடையே இருந்த ஆறு ஆண்டுகள் திரையில் ஒரு தலைமுறை இடைவெளியாகக் காட்டப்பட்டன. இறுதியில் அப்பெண் தன் மகளின் காதலுக்குப் பகையாக நிற்பவளாகவே எஞ்சுகிறாள். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ‘ஹெரால்ட் அண்ட் மோட்’ இவ்விடைவெளியை அறுபது ஆண்டுகளாக விரித்து, அதையே காதல் நகைச்சுவையின் மையமாக்கியது.

படமும் கதையும்

காலின் ஹிக்கின்ஸ், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்றபோது எழுதிய ஆய்வேட்டுப் பணியே இப்படத்தின் தொடக்கம். ஹால் ஆஷ்பி இயக்கினார். பாரமவுண்ட் நிறுவனம் 1971 டிசம்பரில் வெளியிட்டது. மோடாக ரூத் கார்டனும், ஹெரால்டாகப் பட் கோர்ட்டும் நடித்தனர்.

செல்வச் செழிப்புள்ள மாளிகையில் தாயுடன் வாழும் ஹெரால்ட், தற்கொலை செய்துகொண்டதுபோலப் பொய்க்காட்சிகளை அரங்கேற்றுபவன். அறிமுகமற்றோரின் இறுதிச் சடங்குகளுக்குச் செல்வதை வழக்கமாகக் கொண்டவன். அமரர் ஊர்தியையே தன் சொந்த வாகனமாக வைத்திருப்பவன். இத்தகைய சடங்கு ஒன்றில் மோடைச் சந்திக்கிறான். அவளும் அறியாதவர்களின் சடங்குகளுக்கு வருபவள். ஆனால் வாழ்வின் மீதுள்ள விருப்பத்தால் வருபவள். நட்பு காதலாக முதிர்கிறது. அவளை மணக்க ஹெரால்ட் முடிவு செய்கிறான். தன் 80ஆம் பிறந்த நாளன்று மோட் மாத்திரைகளை உட்கொண்டு உயிர் துறக்கிறாள்.

மரபு நகையும் முதிய பெண்ணும்

முதிய பெண்ணின் காதல் வேட்கையை நகைப்புப் பொருளாக்குதல் பழமையானது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்க நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனிஸ் இயற்றிய ‘பெண்கள் அவை’ நாடகத்தில், இளைஞன் ஒருவனைத் தம்பால் இழுத்துச் செல்ல மூதாட்டியர் போட்டியிடும் காட்சி அவையோரைச் சிரிக்க வைப்பதற்கென்றே அமைக்கப்பட்டது.

தமிழ் இலக்கண மரபும் இச்சிக்கலை அறிந்திருந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், தலைவன் தலைவியருக்கு இடையே இருக்க வேண்டிய பத்து ஒப்புமைகளுள் ‘ஆண்டு’ என்பதனை ஒன்றாக வைக்கிறது. அகத்திணையியல், பெருந்திணையின் கூறுகளுள் ஒன்றாக ‘இளமை தீர் திறம்’ என்பதனைச் சுட்டுகிறது. இதற்கு உரை வகுத்த இளம்பூரணர், தலைவன் முதியவனாகித் தலைவி இளையவளாதல், தலைவி முதியவளாகித் தலைவன் இளையவனாதல், இருவரும் இளமை நீங்கியோராதல் என மூவகை கூறுகிறார். ஆண் மூத்திருத்தலும் பெண் மூத்திருத்தலும் இவ்வுரையில் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளன என்பது கருதத்தக்கது. இரண்டும் பொருந்தாமை என்றே கொள்ளப்படுகின்றன. ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்கும் இரட்டை அளவுகோல் அங்கு இல்லை.

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினை மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. இந்நான்கும் இப்படத்தில் யார்மேல் நிற்கின்றன எனக் காண்பது அதன் நகை இயங்கும் முறையை விளக்கும்.

எள்ளலுக்கு உரியோர்

படத்தின் முதற்காட்சியிலேயே எள்ளலின் இலக்கு உறுதியாகிறது. ஹெரால்ட் தூக்கில் தொங்குகிறான். அறைக்குள் வரும் தாய், அவனைப் பார்த்த பின்னரும் தொலைபேசியில் பேச்சைத் தொடர்கிறாள். இரவு உணவுக்கு நேரத்தோடு வருமாறு கூறிச் செல்கிறாள். பின்னர், மகனுக்குப் பெண் பார்ப்பதற்கான கணினிச் சேவைப் படிவத்தை அவளே நிரப்புகிறாள். மகனிடம் கேட்க வேண்டிய வினாக்களைப் படித்து, தன் விருப்பு வெறுப்புகளையே விடைகளாக எழுதிக்கொண்டு போகிறாள். எதிரில் அவன் துப்பாக்கியில் குண்டுகளை இடுவதும் அவள் கண்ணில் படுவதில்லை. அச்சேவை அனுப்பும் மூன்று பெண்களும் ஹெரால்டுக்கு வயதில் பொருத்தமானவர்களே. ஆயினும் எச்சந்திப்பும் உறவாக மலர்வதில்லை. ‘ஆண்டு’ ஒப்பு இருந்தும் ‘உணர்வு’ ஒப்பு இல்லாமை இங்கு நகையாகிறது.

மடன் பேசும் மூவர்

மோடை மணக்கப்போவதாக ஹெரால்ட் அறிவித்ததும், அறிவுரை கூற மூவர் வருகின்றனர். படத்தின் நகை உச்சம் பெறுவது இங்கேதான். முதலாமவர் படைத்தலைவரான மாமா விக்டர். அவர் பின்னால் குடியரசுத் தலைவர் நிக்சனின் படம். இரண்டாமவர் உளநல மருத்துவர். அவர் பின்னால் சிக்மண்ட் ஃபிராய்டின் படம். மூன்றாமவர் பாதிரியார், அவர் பின்னால் போப்பாண்டவரின் படம். மூவரும் நேராகக் கேமராவைப் பார்த்தே பேசுகின்றனர். இதனால் ஹெரால்டின் இடத்தில் பார்வையாளர் அமர்த்தப்படுகிறார். அறிவுரை பார்வையாளருக்கே கூறப்படுகிறது.

நாட்டின் பெயரால் பேசும் படைத்தலைவர் இம்மணம் உலக வழக்கன்று என்பதோடு நின்றுவிடுகிறார். மருத்துவர், தாய்மீது கொள்ளும் வேட்கைக்குத் தம் கோட்பாட்டில் விளக்கம் உண்டு, பாட்டி வயதுடையவள்மீது ஏன் வேட்கை கொள்ள வேண்டும் என்று திகைக்கிறார். பாதிரியார், மூப்படைந்த உடலை இளம் உடல் கூடுவதை உறுப்பு உறுப்பாக விவரித்து, அவ்விவரணையினாலேயே குமட்டலுக்கு உள்ளாகிறார்.

கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தலே மடன் என உரைமரபு விளக்கும். இம்மூவரின் பேச்சுக்கும் இவ்விளக்கம் நன்கு பொருந்துகிறது. அவர்கள் கூறுவன அவர்களின் சொற்கள் அல்ல. பின்னால் தொங்கும் படங்கள் கற்பித்தவை. மூவருள் எவரும் மோட் எத்தகையவள் எனக் கேட்பதில்லை. அவளது வயது ஒன்றே அவர்களுக்குப் போதுமானது. மேலும், படம் காதலர்களின் கூடலைக் காட்டுவதில்லை. மறுநாட் காலையில் மோட் உறங்க, அருகே ஹெரால்ட் சோப்புக் குமிழிகளை ஊதிக்கொண்டிருப்பதை மட்டுமே காட்டுகிறது. அருவருப்பான காட்சி பாதிரியாரின் கற்பனையில்தான் உள்ளது, திரையில் இல்லை. முதிய பெண்ணுடல் பற்றிய வெறுப்பு அவ்வுடலிலிருந்து பிறப்பதன்று, நோக்குவோர் உள்ளத்திலிருந்து பிறப்பது என்பதைப் படம் இவ்வாறு நிறுவுகிறது.

முதுமையில் இளமை

நகையின் மற்றொரு நிலைக்களனாகிய ‘இளமை’ மழலைத்தன்மையைக் குறிப்பது. இப்படத்தில் அதனை உடையவள் மோட். பிறர் வாகனங்களை எடுத்து ஓட்டுகிறாள். நகரத் தெருவில் வாடும் மரத்தைப் பெயர்த்துக் காட்டில் நடுகிறாள். தடுக்க வரும் காவலரைத் திகைக்க வைக்கிறாள். மரணத்தை விளையாட்டாக்கும் ஹெரால்டோ முதுமையின் இறுக்கத்தோடு நடமாடுகிறான். வயதும் பண்பும் இடம் மாறி நிற்பதால், பார்வையாளர் சிரிப்பது மோடைப் பார்த்து அன்று, மோடுடன் சேர்ந்து என்றாகிறது.

இவ்விளையாட்டுத்தன்மை அறியாமையின் விளைவன்று. டெய்சி மலர்கள் நிறைந்த வெளியில், எல்லா மலர்களும் ஒன்றுபோல் உள்ளன என்கிறான் ஹெரால்ட். ஒவ்வொன்றும் வேறு என்பதை மோட் காட்டுகிறாள். தனித்தன்மை உடையோர் தம்மை ஒரேபோல் நடத்த இடங்கொடுப்பதே உலகத் துயர் பலவற்றுக்கும் காரணம் என்கிறாள். அடுத்து கேமரா பின்வாங்க, ஒரே அளவிலான வெண்ணிறக் கல்லறைக் கற்கள் திரையை நிறைக்கின்றன. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. ‘முதியவள்’ என ஒருத்தியை வகைப்படுத்தும் மனநிலையும், இளைஞரை எண்ணிக்கையாக்கும் மனநிலையும் ஒன்றே என்பது இக்காட்சியின் குறிப்புப்பொருள்.

கையில் பொறித்த எண்

மாலை வேளையில் மோடின் கையைப் பற்றும் ஹெரால்ட், அவளது முன்கையில் எண் ஒன்று பச்சை குத்தப்பட்டிருப்பதைக் காண்கிறான். நாசி வதைமுகாமில் அடைக்கப்பட்டோருக்கு இடப்பட்ட அடையாளம் அது. ஓரிரு நொடிகளே அது திரையில் தெரிகிறது. விளக்கம் எதுவும் தரப்படுவதில்லை. ஆயினும் அதுவரை கண்ட ஒவ்வொன்றும் இதனால் பொருள் மாறுகிறது. மோடின் வயது, கூடிய ஆண்டுகளின் கணக்காக மட்டும் இல்லாமல், ஒரு வரலாற்றைக் கடந்து வந்ததன் அளவாகிறது. மரணத்தைப் பாவனை செய்பவன், மரணத்தின் நடுவே உயிர் பிழைத்தவளைக் காண்கிறான். அதன்பின் அவளுடைய மகிழ்ச்சியை வெறும் விசித்திரம் என ஒதுக்க இயலாது.

மணமற்ற முடிவு

காதல் நகைச்சுவை மணத்தில் முடிவது மரபு. இப்படமோ தலைவியின் இறப்பில் முடிகிறது. காதலை ஏற்றுக்கொண்ட படம், அவர்கள் கூடி வாழ்வதை ஏற்கத் தயங்கியதா என்னும் வினா இங்கு எழுகிறது. இதே காலத்தில் வெளியான ‘40 கேரட்ஸ்’ (1973) படத்தில் 40 வயதுப் பெண்ணும் 22 வயது இளைஞனும் இறுதியில் இணைகின்றனர். பதினெட்டு ஆண்டு இடைவெளிக்குக் கிட்டும் மண உரிமை, அறுபது ஆண்டு இடைவெளிக்குக் கிட்டவில்லை. மோட் மறைந்ததும் அறிவுரையாளர் மூவரும் அஞ்சிய மணம் நிகழாமலே போகிறது. இவ்வகையில் முடிவு அவர்களுக்குச் சாதகமானது எனக் கூறுவதற்கு இடமுண்டு.

எனினும் எதிர்ச்சான்றுகளும் உள்ளன. 80 வயதே விடைபெறத் தக்க காலம் எனத் தொடக்கச் சந்திப்புகளிலேயே மோட் கூறிவிடுகிறாள். ஹெரால்ட் அதைக் கருத்தில் கொள்வதில்லை. சமூகத்தின் எதிர்ப்பு எழுமுன்பே எடுத்த முடிவு அது. தன் வாழ்வைப் போலவே தன் இறுதியையும் தானே தெரிவு செய்பவளாக அவள் படைக்கப்பட்டுள்ளாள். ஆனால் அத்தெரிவு ஹெரால்டுக்குத் தரும் துயரைப் படம் மறைக்கவில்லை. அவன் கதறுகிறான், மருத்துவமனையில் காத்திருக்கிறான், விளையாட்டாக அவன் நடித்துவந்த இறப்பு உண்மையில் எத்தகையது என்பதை முதன்முறையாக உணர்கிறான். இறுதியில் அமரர் ஊர்தி மலைமுகட்டிலிருந்து விழுந்து நொறுங்குகிறது. ஹெரால்ட் மேலே உயிருடன் நிற்கிறான். மோட் தந்த பாஞ்சோவை மீட்டியபடி நடக்கிறான். பொய்ச்சாவுகளின் வரிசை வாழ்வைத் தெரிவு செய்வதில் முடிகிறது.

இரு வாசிப்புகளுக்கும் படம் இடந்தருகிறது. முதிய பெண்ணின் காதலை எள்ளலிலிருந்து மீட்டது இதன் வெற்றி. அக்காதலுக்கு அன்றாட வாழ்வு ஒன்றைக் கற்பனை செய்து காட்டாமை இதன் எல்லை. மோட், ஹெரால்டை வாழச் செய்துவிட்டு மறையும் ஆசானாகவும் அமைந்துவிடுகிறாள். காதலி என்னும் நிலை அதனால் ஓரளவு மங்குகிறது.

முடிவுரை

வெளியான காலத்தில் இப்படம் வணிக வெற்றி பெறவில்லை. விமர்சகர் பலர் இதனை விரும்பவில்லை. பின்னர், இளைஞர் நடுவே மீண்டும் மீண்டும் திரையிடப்பட்டு நிலைபெற்றது. 1997இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

எள்ளலைத் தாயின்மேலும், மடனை அறிவுரையாளர் மூவர்மேலும் ஏற்றி, இளமையை முதியவளுக்கு உரியதாக்கியதன் மூலம் நகையின் இலக்கை இப்படம் மாற்றியமைத்துள்ளமை மேற்கண்ட ஆய்வால் பெறப்படுகிறது. நகையின் நிலைக்களன்கள் மாறுவதில்லை. அவை யார்மேல் நிறுத்தப்படுகின்றன என்பதே மாறுகிறது. மூத்த பெண்ணைக் காதல் தலைவியாகக் கொண்ட பிற திரைப்படங்களையும் இந்நோக்கில் அணுகினால், அவற்றுள் எவை சமூகத்தின் இரட்டை அளவுகோலை வினவுகின்றன, எவை அதனை உறுதிசெய்கின்றன என்பதைப் பிரித்தறிய இயலும்.