கருப்புப் பட்டையும் சாம்பல் பெட்டியும்

புற்றுக்கட்டியில் ஒரு மரபணு கூடுதலாக வேலை செய்கிறதா என்று பார்க்க 1980களில் நாள்கணக்கில் மெனக்கெட வேண்டும். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான நார்தர்ன் பிளாட்தான் அன்றைய வழி. திசுவை அரைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஜெல்லில் ஓடவிட்டு, சவ்வுக்கு மாற்றி, கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய துணுக்கை அதில் ஒட்டவிடுவார்கள். பிறகு எக்ஸ்ரே ஃபிலிமை மேலே வைத்து மூடி, உறைபெட்டியில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். ஃபிலிமைக் கழுவினால் நல்ல திசுவுக்கு மங்கலான பட்டை, பக்கத்திலேயே கட்டிக்குக் கருகருவென்ற பட்டை. கீழே, ஒப்பீட்டுக்காகப் பார்க்கும் ஆக்டின் மரபணுவின் பட்டை இரண்டுக்கும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஏற்றிய ஆர்.என்.ஏ.விலேயே கோளாறு, பட்ட பாடெல்லாம் வீண்.

1995இல் அதே ஸ்டான்ஃபோர்டிலிருந்து, பல மரபணுக்களை ஒரே நேரத்தில் அளக்கும் மைக்ரோஅரே வந்தது. 1998இல் மைக்கேல் ஐசன் குழு வெளியிட்ட சிவப்பு, பச்சைக் கட்டப்படம் ஆய்விதழ்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. (அந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் கொஞ்சநஞ்சமல்ல.)

இன்று பெய்ஜிங் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ‘கெபியா’ இணையதளத்தில் மரபணுவின் பெயரைத் தட்டினால் போதும். ஹெர்2 மரபணுவையே மார்பகப் புற்றுக்குப் போட்டுப் பாருங்கள். வரும் பெட்டிப்படத்தில் கட்டிக்குச் சிவப்புப் பெட்டி, நல்ல திசுவுக்குச் சாம்பல் பெட்டி. பெட்டிகளைவிடச் சிவப்புக்கு மேலே எகிறி நிற்கும் புள்ளிகளைத்தான் கவனிக்க வேண்டும். மார்பகப் புற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு இந்த மரபணு பல படிகளாகப் பெருகியிருக்கும். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் மருந்து அத்தகைய நோயாளிகளுக்கானது. பெட்டியின் நடுக்கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

சாம்பல் பெட்டியில் வேறொரு சிக்கல். கட்டிகள் டி.சி.ஜி.ஏ. என்ற புற்றுநோய் மரபணுத் திட்டத்தில் அறுவைசிகிச்சையில் எடுத்தவை. நல்ல திசுவில் பெரும்பங்கு, புற்றில்லாத திசுக்களைச் சேகரித்த ஜிடெக்ஸ் திட்டத்தது. கொடையாளர்கள் பெரும்பாலும் இறந்தவர்கள். இறந்து நேரம் ஆக ஆக ஆர்.என்.ஏ.வின் அளவுகள் மாறும். மீதி, நோயாளியின் கட்டிக்குப் பக்கத்திலேயே வெட்டியெடுத்தது. அதையும் முழு ஆரோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் மறுபடி கணக்கிட்டுத் தருகிறார்கள்; கணக்கு ஒன்றாகிவிடும், திசு வந்த வழி ஒன்றாகாது. நார்தர்ன் பிளாட்டில் இரண்டும் ஒரே ஜெல்லில், ஒரே கையால், ஒரே நாளில் ஓடின.

வசதியில் இன்றைக்கே என் ஓட்டு. ஆனால் ஆய்வேட்டில் இந்தப் படத்தை ஒட்டும் மாணவர்களே, அந்தச் சாம்பல் பெட்டிக்குத் திசு யாரிடமிருந்து, எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.